கார்பாலிக் ஆசிட்: வாசனையா, வேலையா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இரசாயன சம்பந்தமான ஏதாவது ஒரு வஸ்துவை எடுத்துக்கொண்டு, அதன் குணம் என்ன, உபயோகம் என்ன என்பதை அதிகம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படியாகப் பேச வேண்டும் என்று இவ்வாசகசாலைத் தோழர்கள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். தங்கத்தைப் பற்றியோ, வைரத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து யாராவது வந்திருந்தால் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது கார்பாலிக் ஆசிட் என்கின்ற வஸ்துவாகும். இரசாயனப் புத்தகங்களில் இதற்குப் பீனால் என்று பெயர்.

இதை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், இதன் வாசனையை நம்மில் அநேகர் அறிவோம். ஆனால் இதன் வேலையை அறிந்தவர்கள் வெகு சிலரேயாகும். எனது பாட்டியார் ஒரு ஆஸ்பத்திரி நல்லதா கெட்டதா என்பதை மூக்காலேயே தீர்மானித்து விடுவார். உள்ளே நுழைந்தவுடன் அந்தக் காரமான மருந்து நெடி அடித்தால், "சுத்தமான ஆஸ்பத்திரி" என்பார். நெடி இல்லாவிட்டால் அங்கு தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார். அவரை மாத்திரம் சொல்லிப் பிரயோஜனமில்லை. இன்றைக்கும் வீட்டில் பினாயிலைக் கொட்டி நெடி வந்துவிட்டால் வியாதி போய்விட்டது என்று நம்புகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆகவே வாசனைக்கும் சுத்தத்துக்கும் உள்ள சம்பந்தம் என்ன என்பதுதான் இன்றைக்கு எனது பேச்சின் சாரம்.

பெயரில் உள்ள வாசனை

இரசாயன நிபுணர்கள் இந்த வஸ்துவை "அரோமாட்டிக்" வகையைச் சேர்ந்தது என்கிறார்கள். அதற்கு வாசனை வகை என்று அர்த்தம். இந்தப் பெயர் வந்த விதம் வேடிக்கையானது. இந்த வகையில் முதல் முதல் ஆராயப்பட்டவை கசப்பு வாதுமை எண்ணெய், பென்சாயின் பிசின் முதலிய மணமுள்ள சாமான்களிலிருந்து கிடைத்தவை. பென்சாயின் பிசின் என்றால் வேறொன்றுமல்ல. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை தோறும் புகை போடுகிறோமே, அந்தச் சாம்பிராணி வகைதான். ஜெர்மானிய நிபுணர் மிட்ஷர்லிக் என்பவர் 1833-ம் வருஷத்தில் அந்தப் பிசினிலிருந்து எடுத்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி வடித்தபோது ஒரு திரவம் கிடைத்தது. அதே திரவத்தை இங்கிலாந்தில் பாரடே என்பவர் 1825-லேயே விளக்கு வாயுவின் கசடிலிருந்து கண்டுபிடித்திருந்தார். அதற்கு நிலைத்த பெயர் பென்சீன். ஆகவே பென்சீன் என்கின்ற பெயருக்கே மூலம் சாம்பிராணிதான்.

பின்னால் ஆராய்ந்து பார்த்ததில், இந்த வகைக்குப் பொதுவாயிருப்பது வாசனையல்ல, உள்ளே இருக்கும் அமைப்பு என்று தெரிந்தது. 6 கரி அணுக்கள் கைகோத்துக்கொண்டு வளையமாக நிற்கின்றன என்று 1865-ல் கெக்குலே என்பவர் எடுத்துச் சொன்னார். இன்றைக்கு அந்த வளைய அமைப்பு இருந்தால், மணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாற்றமே அடித்தாலும்கூட, அதற்கு அரோமாட்டிக் என்றுதான் பெயர். பெயர் பழைய பெயராகவே இருந்துவிட்டது, அர்த்தம் மாறிவிட்டது. பென்சீன் வளையத்தைச் சுற்றியுள்ள 6 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடியை வைத்தால் அதுதான் பீனால்.

தாரில் கிடைத்தது

1834-ம் வருஷத்தில் ஜெர்மனியில் ருங்கே என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து இந்த வஸ்துவை முதல் முதலாகப் பிரித்தெடுத்தார். அக்காலத்தில் பெரிய பட்டணங்களில் விளக்கு எரிப்பதற்காக நிலக்கரியைச் சூளையில் வாட்டி வாயு எடுப்பார்கள். அதில் மிஞ்சுவது தார். அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கம்பெனிக்காரர்கள் திண்டாடிக் கொண்டிருந்தார்கள். அந்தக் குப்பைக்குள்தான் இது இருந்தது. 1841-ல் லோராங் என்கின்ற பிரெஞ்சுக்காரர் இதைச் சுத்தமான படிகமாக எடுத்தார்.

சுத்தமான பீனால் வெள்ளைப் படிகம். காற்றும் வெளிச்சமும் பட்டால் இளஞ்சிவப்பாகிவிடும். ஏறக்குறைய 41 டிகிரி சூட்டில் உருகும். 182 டிகிரியில் கொதிக்கும். சாதாரணத் தண்ணீரில் 100 பங்குக்கு 8 பங்கு அளவுதான் கரையும். தண்ணீரை 66 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் எவ்வளவு போட்டாலும் கலந்துவிடும். ஆசிட் என்று பெயர் இருக்கிறதே தவிர, புளிப்பில் இது மிக மிக பலவீனமானது. சோடா உப்பில் எலுமிச்சம்பழச் சாற்றை விட்டால் பொங்கும். இதை விட்டால் பொங்காது.

அப்படியானால் இதன் பலம் எங்கே இருக்கிறது? முட்டையின் வெள்ளைக் கருவைச் சுட வைத்தால் எப்படி உறைந்து போகிறதோ அப்படியே இது சூடில்லாமலே உறைய வைத்துவிடும். கிருமியின் உடலும் அந்த வெள்ளைக் கரு ஜாதியைச் சேர்ந்த புரதத்தாலும், அதை மூடிய மெல்லிய தோலாலும் ஆனதுதான். தோல் கிழிந்து, புரதம் உறைந்தால் கிருமி செத்தது. ஆனால் தோழர்களே, மனிதனுடைய சதையும் அதே புரதத்தால் ஆனது. கிருமி வேறு, மனிதன் வேறு என்று பார்க்கிற கண் இந்த வஸ்துவுக்குக் கிடையாது. கையில் பட்டால் வெள்ளையாக வெந்துவிடும். அதைவிட ஆபத்து என்னவென்றால், பட்ட இடத்தை மரத்துப் போகவும் செய்துவிடும். ஆதலால் வேகிறவனுக்கு வேகிறது தெரியாது. தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்து உயிரையும் வாங்கிவிடும்.

நாற்றம் போனதும், பூச்சி செத்ததும்

இனி இதன் முக்கியமான உபயோகத்துக்கு வருகிறேன். 1846-ல் மயக்க மருந்து வந்ததும் ரணவைத்தியர்கள் துணிந்து அறுக்க ஆரம்பித்தார்கள். அறுப்பது வெற்றி, ஆனால் நோயாளி ஒரு வாரத்தில் சீழ் பிடித்துச் சாவான். காரணம் கேட்டால், "கெட்ட காற்று" என்பார்கள். நாற்றந்தான் வியாதி என்பது அன்றைய ஐரோப்பிய வைத்தியத்தின் நம்பிக்கை. ரணவைத்தியரோ இரத்தமும் சீழும் காய்ந்து விறைத்துப் போன பழைய கோட்டையே பெருமையாகப் போட்டுக்கொண்டு, ஒரு ரணத்தில் வைத்த கையை அடுத்த ரணத்தில் வைப்பார். பிரசவ அறைக்குப் போகுமுன் கையைக் குளோரின் சுண்ணாம்பு நீரில் கழுவுங்கள் என்று 1847-ல் வியன்னா ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்பவர் சொன்னார். கழுவின பிறகு தாய்மார்களின் சாவு குறைந்ததைக் கணக்கெடுத்தும் காட்டினார். பெரிய வைத்தியர்கள், "எங்கள் கையா அசுத்தம்?" என்று கோபித்துக்கொண்டார்களே தவிர, கணக்கைப் பார்க்கவில்லை.

பின்னால் இங்கிலாந்தில் கார்லைல் என்னும் பட்டணத்தில் சாக்கடை நாற்றம் பொறுக்க முடியாமல் அதில் கார்பாலிக் ஆசிட்டைக் கொட்டினார்கள். நாற்றம் அடங்கிற்று. சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த வயலில் மேய்ந்த மாடுகளின் வயிற்றுப் பூச்சி வியாதியும் கூடவே நின்றுபோயிற்று. கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் ரணவைத்தியராயிருந்த ஜோசப் லிஸ்டர் இந்தச் சமாசாரத்தைப் படித்தார். அவர் ஏற்கனவே, பண்டங்கள் கெடுவது காற்றினால் அல்ல, கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் என்று பாஸ்டர் நிரூபித்திருந்ததையும் படித்திருந்தவர். ஊரார் நாற்றம் போனதைப் பார்த்தார்கள். லிஸ்டர் பூச்சி செத்ததைப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே சமாசாரந்தான். பார்க்கிற அறிவுதான் வேறு.

1865 மார்ச்சில் அவர் செய்த முதல் பரீட்சை தோற்றுப் போயிற்று. அவர் விடவில்லை. அதே வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்கின்ற 11 வயதுப் பையன் வந்தான். வண்டிச் சக்கரம் காலில் ஏறி, எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட முறிவுக்குக் காலை வெட்டுவதுதான் வைத்தியம். வெட்டினாலும் பிழைப்பது நிச்சயமில்லை. லிஸ்டர் ரணத்தைக் கார்பாலிக்கில் நனைத்த துணியால் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. 6 வாரத்தில் எலும்பு கூடிப் பையன் நடந்தான். அதற்கு மறுநாள், அதாவது ஆகஸ்டு 13-ந் தேதி, செம்மல்வைஸ் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் ரணம் சீழ் பிடித்து இறந்து போனார். எந்த வியாதியிலிருந்து தாய்மார்களைக் காப்பாற்றப் பாடுபட்டாரோ, அதே மாதிரியான வியாதியில் இறந்தார். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் 18 வருஷத்துக்கு முன்பே எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்.

லிஸ்டர் 1867-ல் தமது அனுபவங்களைப் பத்திரிகையில் வெளியிட்டார். பிறகு கணக்கும் கொடுத்தார். முன்பு 1864, 1866 வருஷங்களில் கை கால் வெட்டின 35 பேரில் 16 பேர் செத்தார்கள். புது முறைக்குப் பின் 1867 முதல் 1869 வரை 40 பேரில் 6 பேர் செத்தார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அப்படியிருந்தும் அநேக வைத்தியர்கள் வெகு காலம் வரையில் பரிகாசம் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

தப்பை ஒப்புக்கொண்டது

தோழர்களே! லிஸ்டரை நான் மெச்சுவது இந்த வெற்றிக்காக மாத்திரமல்ல. அவரும் ஒரு தப்புச் செய்தார். கிருமிகள் முக்கியமாகக் காற்றின் வழியாகத்தான் ரணத்தில் விழுகின்றன என்று கருதி, 1871 முதல் ஆபரேஷன் அறை முழுவதும் கார்பாலிக்கைப் பனி மாதிரி தெளிக்கிற ஒரு யந்திரத்தை வைத்தார். விக்டோரியா ராணிக்கு அக்குளில் வந்த கட்டியை அறுத்தபோதுகூட அந்த யந்திரம் தெளித்தது. வைத்தியர்களுக்குக் கையும் கண்ணும் எரிந்தன, இருமல் வந்தது. அறை முழுவதும் நெடி. ஆகவே அறை முழுவதும் சுத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆராய்ச்சி வளர வளர, ஆபத்து காற்றில் அதிகமில்லை, கையிலும் கத்தியிலும் துணியிலும்தான் இருக்கிறது என்று ஏற்பட்டது. 1890-ல் பெர்லினில் கூடிய உலக வைத்தியர் மகாநாட்டில் லிஸ்டர் எழுந்து, இதைச் சிபாரிசு செய்ததற்காக வெட்கப்படுகிறேன் என்று சொல்லித் தமது யந்திரத்தைத் தாமே தள்ளிவிட்டார். உலகமெல்லாம் புகழும்போது, தான் செய்தது தப்பு என்று தானே சொல்லுவது எத்தனை பேரால் முடியும்? முன்னோர் சொன்னது, நேற்றுவரை செய்தது என்பதற்காக ஒன்றை விடாமல் பிடித்துக் கொண்டிருப்பது பக்தியாகலாம், அறிவாகாது.

இன்றைய ஆபரேஷன் அறையில் கார்பாலிக் நெடி கிடையாது. கருவிகளை நீராவியில் வேகவைக்கிறார்கள்; கையைச் சோப்பாலும் வேறு மருந்தாலும் தேய்த்துக் கழுவுகிறார்கள். நெடியில்லாத அந்த அறைதான் எனது பாட்டியார் மெச்சிய அறையைவிடப் பல மடங்கு சுத்தமானது. யாருடைய கை தொட்டது என்பதல்ல கேள்வி. அந்தக் கை கழுவின கையா என்பதுதான் கேள்வி. தீட்டு என்று சொல்லி ஒருவரை எட்டி நிற்கச் சொல்லுகிற சுத்தத்தால் ஒரு கிருமிகூடச் செத்தது கிடையாது.

மருந்தும் அதுவே, வெடியும் அதுவே

இதன் மற்ற உபயோகங்களைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பீனாலிலிருந்து சாலிசிலிக் ஆசிட், அதிலிருந்து ஆஸ்பிரின். 1897-ல் ஜெர்மனியில் செய்யப்பட்டு, 1899-ல் அந்தப் பெயரோடு கடைக்கு வந்தது. பீனாலோடு பார்மால்டிஹைடைச் சேர்த்துக் காய்ச்சி 1907-ல் பேக்லண்டு என்பவர் பேக்லைட் செய்தார். பழைய மின்சார ஸ்விட்சும், கறுப்பு டெலிபோனும் அதனால் ஆனவை. பீனாலை நைட்ரிக் ஆசிட்டோடு சேர்த்தால் பிக்ரிக் ஆசிட் என்கின்ற வெடி மருந்து. 1917 டிசம்பர் 6-ந் தேதி கனடாவில் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் அதையும் வேறு வெடி மருந்தையும் ஏற்றிவந்த கப்பல் வெடித்து, 1,700-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

முதல் உலக யுத்தத்தில் நடந்த ஒரு கூத்தையும் கேளுங்கள். கிராமபோன் தட்டுச் செய்யப் பீனால் கிடைக்காததால் அமெரிக்காவில் எடிசன் தாமே ஒரு தொழிற்சாலை வைத்தார். மிச்சமானதை விற்றார். 1915-ல் ஜெர்மானியருடைய ஆள் ஒருவர் அந்த மிச்சத்தை மறைமுகமாக வாங்கி ஆஸ்பிரின் செய்ய அனுப்பிக் கொண்டிருந்தார். ஆஸ்பிரின் கிடைத்தது ஒரு லாபம். எதிரிக்கு வெடி மருந்து கிடைக்காமற் போனது இன்னொரு லாபம். ஜெர்மன் அதிகாரி ஒருவர் ரயிலில் மறந்துவிட்ட பையால் இந்த இரகசியம் பத்திரிகைக்கு வந்துவிட்டது. தலைவலியை நீக்குவதா, தலையையே நீக்குவதா என்பது பீனாலின் கையில் இல்லை. அதை வாங்குகிறவன் கையில் இருந்தது.

இதைவிடக் கொடுமை இரண்டாவது யுத்தத்தில் நடந்தது. ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜிகள் ஆயிரக்கணக்கான கைதிகளை இருதயத்தில் பீனால் ஊசி போட்டுக் கொன்றார்கள். அதைச் செய்தவர்கள் ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆட்களே. உயிரைக் காப்பாற்றும் என்று லிஸ்டர் காட்டிய வஸ்து அதே வஸ்து. மாறினது மனிதனுடைய எண்ணம். ஆகவே ஒரு வஸ்துவைப் புனிதம் என்பதும், பாவம் என்பதும் இரண்டும் அர்த்தமற்ற பேச்சு.

நம் தேசத்தில்

நம் தேசத்திலும் இதற்குச் சரித்திரம் உண்டு. பம்பாயில் பிளேக் தடுப்பு மருந்து கண்டுபிடித்த ஹாப்கின், அதில் கார்பாலிக் சேர்ப்பதைப் பின்னால் நிறுத்திவிட்டார். 1902 அக்டோபர் 30-ந் தேதி பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டதில், ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் இசிவு ஜன்னி கண்டு செத்தார்கள். கார்பாலிக் சேர்க்காததுதான் காரணம் என்று பழி அவர் தலையில் விழுந்தது, உத்தியோகமும் போயிற்று. அந்த அசுத்தம் ஆராய்ச்சி சாலையிலிருந்து வந்ததல்ல, கிராமத்தில் புட்டியைத் திறந்தபோதுதான் சேர்ந்திருக்க வேண்டும் என்று நிபுணர்கள் காட்டி, 1907-ல்தான் அவர் பழி நீங்கிற்று. கார்பாலிக் இருந்தால் எல்லாம் சுத்தம், இல்லாவிட்டால் எல்லாம் நாசம் என்கின்ற மந்திர நம்பிக்கை ஒரு பெரிய மனிதரின் 5 வருஷத்தைத் தின்றுவிட்டது.

நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட பழைய கதை உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். 1911-ல் கசௌலியில் செம்பிள் என்பவர் செய்த அந்த மருந்தில், ஆட்டு மூளையிலுள்ள வெறிநோய் விஷத்தைக் கொன்றது பீனால்தான். அது பல உயிர்களைக் காப்பாற்றியது. சிலருக்கு நரம்பு வியாதியையும் கொடுத்தது. அதைவிட நல்ல மருந்து வந்தபின் பழைய ஆட்டு மூளை மருந்தை நம் தேசத்தில் 2004-ம் வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். இங்கும் அதே பாடந்தான்: மேலானது வந்தால் பழையதை விட வேண்டும்.

வீட்டுப் புட்டி

கடைசியாக, இன்று வீடு போய்ச் சேர்ந்தவுடன் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். உங்கள் வீட்டுப் பினாயில் வேறு, பீனால் வேறு. கறுப்புப் பினாயில் தாரிலிருந்து வரும் இதன் தாயாதிகளைச் சோப்போடு கலந்தது. வெள்ளைப் பினாயில் பெரும்பாலும் பைன் மர எண்ணெய். லைப்பாய் சோப்பிலும் பழைய காலத்தில் கார்பாலிக் இருந்தது, இப்பொழுது இல்லை. ஆகவே நெடியைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். அழுக்கின்மேல் பினாயிலை ஊற்றுவது, குளிக்காமல் அத்தர் பூசிக்கொள்வது போன்றது. முதலில் பெருக்கி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு, புட்டியில் எழுதியிருக்கும் அளவுப்படி கலந்து ஊற்றுங்கள். பிளீச்சிங் பவுடரோடு கலக்காதீர்கள். சோடாப் புட்டியிலோ குடிக்கிற தண்ணீர்ப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு எழுத்துத் தெரியாது, புட்டிதான் தெரியும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மேலே கொட்டிவிட்டால் துணியைக் கழற்றி ஏராளமான தண்ணீரில் கழுவுங்கள்.

இன்னொன்று. ஆபரேஷன் அறையில் ரப்பர்க் கையுறை வந்ததற்குக் காரணம் கிருமியல்ல. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்னும் வைத்தியரிடம் வேலை செய்த நர்ஸ் ஒருவருடைய கை, கிருமி மருந்துகளால் புண்ணாயிற்று. அந்தக் கைக்கு இரங்கி 1889-90-ல் அவர் கையுறை செய்யச் சொன்னார். ஒரு நர்சின் கைக்கு 130 வருஷங்களுக்கு முன்பே கிடைத்த அந்தக் கையுறை, நமது கக்கூசையும் சாக்கடையையும் கழுவுகிற தோழர்களுடைய கைக்குப் பல இடங்களில் இன்னமும் கிடைக்கவில்லை. நமக்கு நெடி வந்தால் போதும் என்று இருந்து விடுகிறோம். அந்த நெடி யார் தோலை வேகவைத்து வருகிறது என்று கேட்பதில்லை. இந்த ஊர்த் துப்புரவுத் தொழிலாளருக்குக் கையுறையும் காலுறையும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று நாளைக் காலையிலேயே போய் விசாரிக்க வேண்டும் என்று இந்த வாசகசாலைத் தோழர்களைக் கேட்டுக் கொள்ளுகிறேன். அதைச் செய்தால்தான் இன்றைய விழாவுக்கு அர்த்தம் உண்டு.

தோழர்களே! நான் சொன்னவைகளை நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். புத்தகத்தைப் பாருங்கள்; தெரிந்தவர்களைக் கேளுங்கள்; சரியென்று பட்டால் கைக்கொள்ளுங்கள்.